அஸருக்கு வந்த விருந்தாளி

அல்லாஹு அக்பர். இமாம் சொல்லியாச்சு, வரிசை முழுக்கக் கையைத் தூக்கிக் கட்டியாச்சு, நானும் நெஞ்சுக்குக் கீழே கட்டியாச்சு. இனி கண்ணு ஸஜ்தாவுல நெத்தி வைக்குற இடத்துலயே நிக்கணும். நிக்குதா? இடது பக்கமா ஓடுது. கட்டிட்டாரு. சகிதாத் பாய் கையைக் கட்டிட்டாரு, தொப்புளுக்குக் கீழே, இடதுகை மேல வலதுகை, பாந்தமா. அப்பாடா. யா அல்லாஹ், உன் முன்னால வந்து நின்னதும் எனக்கு வந்த முதல் வார்த்தை அப்பாடா. அஸர், சாயங்காலத் தொழுகை, நின்னு குனிஞ்சு நெத்தி வைக்குற சுத்து நாலு, நாலு ரக்அத், இமாம் சத்தமில்லாம ஓதுறாரு, இந்த அமைதியிலதான் மனசு செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடும், என் மனசு எப்பவும் அஸர்ல கடைக்குப் போகும், பஜாருக்குப் போகும், இன்னிக்கு எங்கயும் போகல, பக்கத்துல நிக்குற மனுசனோட கையிலயே உக்காந்திருக்கு. அல்ஹம்து ஓது நூஹு. ஓதுறேன். அந்தக் கையைக் கட்டச் சொன்னதே நான்தான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அவரு கை கழுவத் தண்ணி ஊத்திக்கிட்டே, பல்லு குத்த ஒரு குச்சியை நீட்டுற மாதிரி சாதாரணமாச் சொன்னேன்: பாய், அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போவோம், எங்க ஊர்ல எல்லாரும் சன்னி, அதுல ஷாஃபி வழி, கையைக் கட்டித்தான் தொழுவோம், நீங்களும் கட்டிக்கிட்டா நல்லது, பத்து நிமிஷம்தானே. அவரு ஷியா. ஆப்கானிஸ்தான்ல ஹஸாரா இனம், ஹஸாராக்கள்ல பெரும்பாலும் ஷியா, ஷியாக்கள் தொழுகையில கையைக் கட்டமாட்டாங்க, ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு நிப்பாங்க. அவரு ஈரக் கையோட என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. சரி நூஹு ஜான்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நானும் வாய்க்கு வந்த ரெண்டு பொய்யைச் சொல்லியிருப்பேன்.

அல்லாஹு அக்பர். ருகூஉக்குக் குனியணும், குனியறதுக்கு முன்னால என் ரெண்டு கையும் தானா தோள் வரைக்கும் எழும்புது, வரிசையில எல்லார் கையும் எழும்புது, ஷாஃபிக்காரங்க வழக்கம், அஞ்சு வயசுல ஒஸ்தாது பிரம்பை வச்சுக்கிட்டுச் சொல்லிக்கொடுத்தது. ஆப்கான்ல சன்னிங்க எல்லாம் ஹனஃபி வழி, அவங்க தொழுகை தொடங்குறப்ப ஒரே ஒரு தடவை தூக்குவாங்க, அதோட சரி. அங்க நாங்க வேலை பாத்த கேம்ப்ல நான் தொழுறதைப் பாத்து சகிதாத் பாய் சிரிப்பாரு: என்ன நூஹு ஜான், ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்குற, பறந்து ஊருக்குப் போகப் பாக்குறியா? மின்சாரக் கம்பி போற பெரிய இரும்புக் கோபுரம் கட்டுற கம்பெனி, நான் எலெக்ட்ரீஷியன், அவரு டிரைவரு. அவரு குவெட்டாவுல வளந்தவரு, உருது தெரியும், நாலு வருசம் சவுதியில கெடந்ததுல எனக்கும் தெரியும், அந்தக் குளிர்ல நாங்க ரெண்டு பேரும் பேசிப் பேசியே சூடு காஞ்சோம். கம்பி எந்த வழியாப் போகணும்னு நாடே ரெண்டுபட்டுக் கெடந்த வருசம் அது. ஹஸாராக்கள் இருக்குற பாமியான் வழியாவா, சாலங் கணவாய் வழியாவான்னு காபூல்ல ஊர்வலம், கூச்சல். நான் வெவரம் கெட்டத்தனமாக் கேட்டேன், கம்பிக்கு என்ன பாய் இனம் வேண்டியிருக்கு? அவரு டீயை ஊதிக்கிட்டே சொன்னாரு: பக்தூன் தலைவருக்கு ஒரு படை, தாஜிக் தலைவருக்கு ஒரு படை, உஸ்பெக்குக்கு ஒண்ணு, எங்க ஆளுக்கும் ஒண்ணு, நாற்காலி மட்டும்தான் ஒண்ணே ஒண்ணு, அந்த நாற்காலிக்கு ரொம்ப தூரத்துல இருக்குறவன் வீட்டுக்குக் கரண்டு கடைசியாத்தான் வரும். உங்க ஊருக்கு வந்தாச்சான்னு கேட்டேன். சிரிச்சாரு. அத்தனை கோபுரத்துக்கும் இரும்பு ஏத்திக்கிட்டுப் போன மனுசன் வீட்டுல அரிக்கேன் விளக்குதான் எரிஞ்சுக்கிட்டிருந்தது.

ஸஜ்தா. நெத்தி பாயில பட்டதும் கொஞ்சம் குளிர்ச்சி. நான் ஏன் பயந்தேன்? மக்தூம் காக்காதான். முன் வரிசையில வலது ஓரத்துல இருக்காரு, பள்ளிவாசல் செயலாளர், எழுபது வயசு, ஊருக்கே மூத்த அண்ணன், அதான் காக்கா, என் வாப்பாவோட கூட்டாளி, சட்டம்னா சட்டம். தொழுகையில உக்காந்திருக்கும்போது விரலை நீட்டி வைக்கணுமா ஆட்டணுமான்னு போன ரமலான்ல எங்க ஊர்ல நடந்த சண்டை இருக்கே, யப்பா, ஆட்டுனவங்க தொழ தனியாக் கூரை போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க, மாமனும் மருமகனும் பேச்சுவார்த்தை இல்ல, பேசி முடிச்ச கல்யாணம் ஒண்ணு நின்னே போச்சு. அதுல காக்கா நின்ன நெலையை நான் கண்ணால பாத்தவன். ஒத்தை விரலுக்கே இந்தப் பாடுன்னா ரெண்டு கையையும் தொங்கவிட்டா? விருந்தாளியை யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா? அவருக்காகத்தான் சொன்னேன். பொய். எனக்காகத்தான் சொன்னேன். தொழுகை முடிஞ்சதும் காக்கா வருவாரு, யாரு தம்பி விருந்தாளின்னு கேப்பாரு, அதுக்கும் பதில் தயாரா வச்சிருக்கேன்: பழைய கம்பெனிக் கூட்டாளி, உஸ்பெக்கிஸ்தான்காரரு. ஒன்பது வருசமா நான் பொழச்சு வந்த கதையை ஊர்ல எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன், எப்பவும் ஒரு ஆப்கான் டிரைவர்னுதான் சொல்லியிருக்கேன், ஒரு தடவைகூட ஷியான்னு சொன்னதில்ல. இப்ப அந்த மனுசனே தோளோட தோள் உரசி நிக்குறாரு. சொல்லுவியா, மாட்டியா நூஹு? இன்னும் மூணு ரக்அத் இருக்கு.

அல்லாஹு அக்பர், எந்திரிச்சாச்சு, ரெண்டாவது. ஆப்கான்ல அது நடந்த அன்னிக்கும் அஸர்தான். சகிதாத் பாய் போகாதேன்னாரு. சனிக்கிழமை போலீஸ் வண்டி கூட வரும், அதோட போகலாம்னாரு. எனக்கா பொறுமை? ஊர்ல சுலைஹாவுக்குப் பிரசவமாகி மூணு நாளு, தலைச்சன் பிள்ளை, போன்ல அது அழுற சத்தத்தைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு எறங்கல. வெள்ளிக்கிழமை காபூல்ல பிளேனு. கம்பெனி வண்டி தரல, வாடகை வேன்ல ஏறி உக்காந்துட்டேன், தனியா விட மனசில்லாம அவரும் ஏறினாரு. பக்லான் தாண்டி ஒரு வளைவுல ஏழெட்டுத் துப்பாக்கி. ஆம்பளைங்க எல்லாம் எறங்குன்னான். எந்தக் கூட்டம், எந்தக் கொடின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, அவங்க தேடுனது ஹஸாராக்களைன்னு மட்டும் தெரியும். முகத்தை வச்சுப் பிரிக்க முடியாது, உஸ்பெக்குக்கும் துர்க்மேனுக்கும் அதே கண்ணு, அதே கன்னம். நான் உஸ்பெக்குன்னு சகிதாத் பாய் சொல்லிட்டாரு. அதனால தொழ வச்சுப் பாத்தாங்க. வரிசையா நின்னு தொழுங்க, கையைக் கட்டுறவன் வேன்ல ஏறு, தொங்கவிடுறவன் அந்த மண்சுவருக்குப் பின்னால வா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இதே அப்பாடா. தொழுகைதானே, தொழத் தெரியாதவன்ல பயப்படணும், நான் காயல்பட்டினத்துக்காரன், எனக்கா தெரியாது? ஒழுங்கா, அழகா, ஒஸ்தாது பாத்தா மெச்சுற மாதிரி அல்லாஹு அக்பர்னு தக்பீர் கட்டினேன். மூணு ஆள் தள்ளி அவரு, கையைக் கட்டிக்கிட்டு, தன்னோட தொழுகையை உள்ளுக்குள்ள அமுக்கி வச்சுக்கிட்டு நின்னாரு. ருகூஉ வந்தது. என் கை எழும்புச்சு. அத்தனை பேரு கையும் கீழே கெடக்க என் கை மட்டும் மேல. ஷியாக்களும் ஒவ்வொரு தக்பீருக்கும் கையைத் தூக்குவாங்களாம், அது எனக்குத் தெரியாது, முதுகுக்குப் பின்னால நடந்துக்கிட்டிருந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்பவும் தோள்ல அந்த எடம் குறுகுறுங்குது, துப்பாக்கி முனை பட்ட எடம். ராஃபிதி, ராஃபிதின்னு கத்துறான், ஷியாவை ஏசுற வார்த்தை. நான் முஸ்லிம் முஸ்லிம்னு தமிழ்ல உளர்றேன், உருதுல உளர்றேன், சட்டையைப் புடிச்சுச் சுவருகிட்ட இழுத்துட்டான். பாக்கி ஆளுங்க தொழுதுக்கிட்டே இருக்காங்க, என்ன செய்வாங்க பாவம், யாரு திரும்பினாலும் அவங்களும் சேந்து போகவேண்டியதுதான். அப்ப வரிசையிலிருந்து ஒரு ஆளு தொழுகையை முறிச்சிட்டு வெளிய வந்தாரு. பத்திரமா நின்ன ஆளு. இன்னும் ரெண்டு நிமிஷம் சும்மா நின்னிருந்தா வேன்ல ஏறி, காபூல் போயி, பெத்த மகளைப் பாத்திருக்கலாம். அவரை விடுங்க, அவரு ஷாஃபி, ஹிந்துஸ்தான்ல கடலோரத்து முஸ்லிம்கள் இப்படித்தான் தொழுவாங்கன்னு அவங்க பேசுற பஷ்தூவுலயே சொன்னாராம், வேன்ல வந்த ஒருத்தர் பிற்பாடு சொல்லித்தான் எனக்கு வெவரம் தெரியும். மருதாணித் தாடியோட ஒரு பெரிய ஆளு கேட்டானாம், அப்படின்னா விடியக்காலை சுபுஹுத் தொழுகையில என்ன செய்வாங்க? ரெண்டாவது ரக்அத்ல ருகூஉ முடிஞ்சு நின்னு, கையேந்தி குனூத்துங்குற துஆ ஓதுவாங்கன்னாராம் இவரு. ரெண்டு வருசம் நான் தொழுறதைப் பாத்துச் சிரிச்ச மனுசன் ஒண்ணு விடாம மனசுல வாங்கியிருக்காரு! என்னை விட்டுட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்தத் தாடிக்காரன் கேட்டானாம்: ஒரு உஸ்பெக் டிரைவருக்கு இவ்வளவு எப்படித் தெரியும், தொழுகையை முறிச்சிட்டு வர்ற அளவுக்கு இவன் உனக்கு யாரு? என் தம்பின்னாராம். என்னை வேன்ல தூக்கிப் போட்டாங்க, அவரை நிறுத்திக்கிட்டாங்க, வேன் கெளம்பிருச்சு. நான் கெளம்பினேன். குதிச்சேனா? குதிக்கல. பிளேன் ஏறி ஊருக்கு வந்து பிள்ளையைக் கையில வாங்குனேன், சுலைஹா கேட்டா, ஏங்க, சந்தோசமே இல்லாத மாதிரி இருக்கீங்கன்னு.

ரெண்டாவது முடிஞ்சு உக்காந்தாச்சு. அத்தஹிய்யாத்து ஓது. விரலை நீட்டு, ஆட்டாதே. பதினோரு நாளு அவரைப் புடிச்சு வச்சிருந்தாங்க. அவரை யாரு மீட்டது? ஹாஜி தோர்யாலைங்குற பக்தூன் பெரியவரு, அவரு வயல்ல நாங்க ஒரு கோபுரம் நட்டோம், அதுக்காக எங்களோட சண்டை போட்டு, பிறகு தெனமும் தயிர் கொடுத்தனுப்புனவரு. சேதி கேட்டு நேரா அந்தக் கூட்டத்துகிட்டப் போயி, தலைப்பாகையைக் கழட்டி அவங்க காலடியில வச்சுட்டு உக்காந்துட்டாராம். பக்தூன்கள்ல ஒரு பெரிய மனுசன் தலைப்பாகையைக் கீழே வச்சுட்டா இல்லைன்னு சொல்றது லேசில்ல. பேசினதெல்லாம் அவ்வளவுதானாம்: இவன் என் விருந்தாளி. பக்தூனா, ஹஸாராவா, யாருன்னு பாத்தாரா அவரு? எனக்கு இனம் பிரிச்சு வெறுக்கணும்னாலும் முடியாது, ஒவ்வொரு இனத்துலயும் ஒரு ஆளு குறுக்க வந்து நின்னுர்றாரு, அல்லாஹ் எனக்குக் கொடுத்த பெரிய தொல்லை அதுதான், பெரிய பாக்கியமும் அதுதான். வெளிய வந்தப்ப சகிதாத் பாய்க்கு விலா எலும்பு ரெண்டு ஒடஞ்சிருந்தது, இடதுகை விரல் ரெண்டு மடங்காமப் போச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணாரு. நான் அழுறேன், மன்னிச்சிருங்க பாய்ங்குறேன், அவரு அதைக் காதுலயே வாங்கல. பிள்ளை யாரு மாதிரி இருக்கு, உன்னை மாதிரியா, நல்லவேளை அம்மா மாதிரியான்னு கேக்குறாரு.

மூணாவது. எந்திரிச்சதும் மறுபடி கை எழும்புது. இன்னிக்கு இந்தக் கையைத் தூக்க வெக்கமா இருக்கு. தாலிபான் ஆட்சி வந்த பிறகு அவருக்கு வேலை போச்சு, மக மாசூமா ஆறாம் வகுப்போட நின்னா, அதுக்கு மேல அங்க பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கெடையாது. அது போதாதுன்னு அந்தப் புள்ளைக்கு இதயத்துல வால்வு கோளாறு. எப்படியோ விசா வாங்கிச் சென்னைக்குக் கொண்டு வந்துட்டாரு. ஆபரேஷன் நடந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல ஆறு மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம், டாக்டரம்மா வெளிய வந்து சிரிச்சதும் அவரு என் தோள்ல முகத்தை வச்சுக்கிட்டாரு, என் சட்டை நனைஞ்சு போச்சு. அல்ஹம்துலில்லாஹ். இப்ப அந்தப் புள்ள என் வீட்டு மாடியில என் மகளோட உக்காந்து தமிழ் எழுத்தெழுத்தாக் கூட்டி முறுக்குப் பாக்கெட்டை வாசிச்சுக்கிட்டிருக்கு. காலையில சுலைஹா செஞ்ச ஓட்டுமாப் பலகாரத்தைத் தின்னுட்டு, இது எங்க ஊர்ல இல்லைன்னு ரெண்டு கன்னத்துலயும் குழி விழச் சிரிச்சது. இத்தனை கொடுத்திருக்கே ரப்பே, எனக்கு மகளை, அவருக்கு மகளை, ஒரே கூரைக்குக் கீழே. இத்தனையும் வாங்கிக்கிட்டு நான் செஞ்சது என்ன? கையைக் கட்டிக்கோங்கன்னேன். அந்த வளைவுல நின்னவன் சொன்னதும் அதேதான். இல்ல, நான் துப்பாக்கி காட்டலியே. ஆமா, காட்டல. சோறு போட்டுட்டுச் சொன்னேன், கை கழுவத் தண்ணி ஊத்திக்கிட்டே சொன்னேன். அவன் முகத்துக்கு நேரா சொன்னான், நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். என் தொழுகை என்னைக் காட்டிக்கொடுத்தப்ப தன் தொழுகையை முறிச்சுட்டு வந்த மனுசன்கிட்ட, உன் தொழுகையை மறைச்சுக்கோன்னு சொல்லியிருக்கேன். தூ, நூஹு. எத்தனாவது ரக்அத் இது? மூணா, நாலா? இமாமைப் பாத்துச் செய், உனக்கு இன்னிக்கு இமாம் இல்லாம விமோசனம் இல்ல.

நாலாவதுதான். கடைசி ஸஜ்தா. ஸஜ்தாவுல கேட்டாக் கிடைக்கும்பாங்க. எதையும் கேக்கத் தோணல, வாங்குனதுக்கே சொல்லி முடியல. ஒண்ணே ஒண்ணு, நாக்கு. காக்கா வந்து நிக்குறப்ப இந்த நாக்கு உஸ்பெக்குன்னு சொல்லாம இருந்தாப் போதும். சொன்னா என்ன ஆகும்? ஊரு பேசும், கடைக்கு வர்றவன் முறைப்பான், மச்சான் பள்ளிவாசல் கமிட்டியில இருக்கான், அவன் குதிப்பான். குதிக்கட்டும். சுவருகிட்ட இழுத்துக்கிட்டுப் போகவா போறாங்க? உக்காந்தாச்சு. ஸலவாத்து. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ், வலது பக்கம். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ், இடது பக்கம், அவரு முகம், சாந்தமா இருக்கு, வேர்த்திருக்கு.

மக்தூம் காக்கா முட்டியைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு.

"நூஹுத் தம்பி, யாருப்பா விருந்தாளி? எந்த ஊரு?"

"ஆப்கானிஸ்தான் காக்கா. ஹஸாரா. என்னைக் காப்பாத்துனவரு இவருதான்." நிறுத்திருவேனோன்னு எனக்கே பயம், அதனால சத்தமாச் சொல்லிட்டேன். "ஷியா."

வரிசையில நாலஞ்சு தலை திரும்புச்சு. காக்கா சகிதாத் பாயைப் பாத்தாரு, அவரு கையைப் பாத்தாரு.

"கையைக் கட்டித் தொழுதாரே?"

"நான் கட்டிக்கோங்கன்னு சொன்னேன்."

"ஏன்ப்பா?"

"உங்களுக்குப் பயந்துதான் காக்கா."

"எனக்கா?"ன்னாரு காக்கா. தாடியில கை வச்சபடியே நின்னாரு. "ஊர்ல நீ சொல்லித்தானே கேட்டிருக்கேன், அங்க அவனுங்களுக்குப் பயந்துகிட்டு எல்லாரும் வரிசையில நின்னீங்கன்னு. இங்க எனக்குப் பயந்தா? என்னை யாரோடல கொண்டு நிறுத்திட்ட?" குரல் ஒடஞ்சிருச்சு. இந்த மனுசன் என் வாப்பா மையத்தை அடக்கம் பண்ணப்பக்கூட அழாதவரு.

என்ன சொல்றாரு பெரியவரு, ஏன் கண்ணு கலங்குதுன்னு சகிதாத் பாய் என்னைக் கேட்டாரு. ஒண்ணு விடாம உருதுல சொன்னேன். என் அசிங்கத்தையும் சேத்துச் சொன்னேன். அவரு ரெண்டு கையாலயும் காக்கா கையைப் புடிச்சுக்கிட்டாரு.

"அவர்கிட்டச் சொல்லு நூஹு ஜான். அங்க உயிருக்குப் பயந்து கட்டினேன். இங்க என் தம்பி கேட்டான், கட்டினேன். அது வேற, இது வேற." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "என் மகள் பொழச்சதுக்கு நன்றியா ரெண்டு ரக்அத் தொழணும்னு நேந்திருக்கேன். என் வழியில தொழலாமான்னு அவரைக் கேளு."

கேட்டேன். காக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? "அஸருக்குப் பிறகு உபரித் தொழுகை கெடையாதேப்பா..."ன்னு ஆரம்பிச்சாரு. ஆரம்பிச்சவரு அவரு முகத்தைப் பாத்தாரு, என் முகத்தைப் பாத்தாரு, வாயை மூடிக்கிட்டாரு. மெதுவா நடந்து போயி ஜன்னலோரத்து ஃபேனைப் போட்டாரு. அதுக்குக் கீழ இருந்த பாயைக் காலாலயே நேராக்கிவிட்டாரு.

"இங்க வந்து தொழச் சொல்லு. காத்து வரும்."

சகிதாத் பாய் போயி நின்னாரு. கையைக் காது வரைக்கும் தூக்கினாரு. அல்லாஹு அக்பர்னாரு. அப்புறம் ரெண்டு கையையும் தொங்கவிட்டாரு.